கிரந்தப் பட்டியலின் வெற்றிடங்கள்: இணையத் தரநிலைகளில் பொதுமக்களின் குரல்

காவிரிக் கழிமுகத்தின் கடலோரத்தில் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த காரைக்கால், ஒரு புறம் கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களும் சூழ்ந்திருக்க, ஆட்சிமுறையில் மட்டும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாக இருக்கிறது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர் 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்து, 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அதனால் வாஞ்சூர்ச் சோதனைச் சாவடிக்கு வடக்கே ஒரு சட்டமன்றத்தின் ஆணைகளும் தெற்கே மற்றொரு சட்டமன்றத்தின் ஆணைகளும் செல்லுபடியாகின்றன. ஆனால் அந்தச் சாவடியின் இருபுறமும் உள்ள அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கைபேசிகளிலும் தோன்றும் தமிழ் எழுத்து ஒரே ஒழுங்கில் இயங்குகிறது. அந்த ஒழுங்கை வகுத்தது இவ்விரு சட்டமன்றங்களுள் எதுவும் அன்று. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, கணினித் தமிழுக்கான குறியேற்ற முறைகளை அறிவித்து ஆணை பிறப்பித்தபோதும், அந்த ஆணை காரைக்கால் அலுவலகங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் காரைக்கால் தனியொரு வழியில் போகவும் இல்லை, ஏனெனில் கணினிகளும் கைபேசிகளும் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட தரநிலைகளையே பின்பற்றுகின்றன.

தரநிலை என்பது, வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்காக முன்கூட்டியே எழுதி வெளியிடப்படும் பொது ஏற்பாடாகும். ஒரு கைபேசியில் தட்டப்பட்ட தமிழ்ச் சொல் வேறொரு கணினியில் சிதையாமல் தெரிவதற்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் எந்த எண் என்பதை யூனிகோடு கூட்டமைப்பு முடிவு செய்கிறது. அந்த எழுத்து இணையப் பக்கத்தில் எவ்வாறு வரிபிரிந்து, இடைவெளி கொண்டு நிற்க வேண்டும் என்பதை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எனப்படும் டபிள்யூ3சி எழுதுகிறது. ஓர் இணையதளத்தின் முகவரியில் எந்தத் தமிழ் எழுத்துகள் இடம்பெறலாம் என்பதை ஐகான் என்னும் அமைப்பு வரையறுக்கிறது. இம்மூன்றும் அரசுகள் அல்ல, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றங்களும் அல்ல. எனினும் இவற்றின் ஆவணங்கள் கோடிக்கணக்கானோரின் எழுத்தை ஆள்வதால், அந்த ஆவணங்கள் உருவாகும்போது பொதுமக்களின் கருத்து எவ்வாறு கேட்கப்படுகிறது, கேட்கப்பட்ட கருத்துக்கு என்ன நேர்கிறது, கேளாமல் விட்டால் முறையிட இடமுண்டா என்னும் வினாக்கள் தமிழ் எழுதும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

இவ்வினாக்களின் எடையை உணர்வதற்குத் தமிழின் சொந்த வரலாறே போதும். 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வெளிவந்தபோது, இந்திய எழுத்துமுறைகளுக்கான இடங்கள், இந்திய அரசு வகுத்திருந்த இஸ்கி என்னும் குறியேற்றத்தின் அடிப்படையில் அமைந்தன. குறியேற்றம் என்பது எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஏற்பாடு. இஸ்கி, தேவநாகரி முதலாக எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் நிறுத்த முயன்றதால், ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே வடமொழியின் வருக்க எழுத்துகளுக்கான இடங்கள் தமிழ்ப் பட்டியலில் வெறுமையாகக் கிடக்க நேர்ந்தது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் இன்றும் 72 மட்டுமே நிரம்பியுள்ளன. தேவநாகரிப் பட்டியலில் விசர்க்கம் நிற்கும் அதே வரிசையிடத்தில் தமிழ்ப் பட்டியலில் ஆய்த எழுத்து நிறுத்தப்பட்டு, அதற்குத் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பதே அலுவல்முறைப் பெயராகவும் சூட்டப்பட்டது. ஆய்தம் விசர்க்கமன்று என்பதைத் தொல்காப்பியம் படித்த எவரும் சொல்லியிருப்பார்கள்; ஆனால் அந்தக் கருத்து சேர வேண்டிய நேரத்தில் சேர வேண்டிய மேசையில் சேரவில்லை.

பிழை தெரிந்த பின்னும் அந்தப் பெயர் மாறவில்லை, இனியும் மாறாது. யூனிகோடு கூட்டமைப்பு தனக்குத்தானே விதித்துக்கொண்ட நிலைப்புக் கொள்கையின்படி, ஒருமுறை குறியேற்றம் பெற்ற எழுத்து நீக்கப்படுவதோ இடம் மாற்றப்படுவதோ பெயர் மாற்றப்படுவதோ இல்லை. உலகெங்கும் சேமிக்கப்பட்ட கோப்புகளும் எழுதப்பட்ட நிரல்களும் அந்த எண்ணையும் பெயரையும் நம்பி இருப்பதால், ஒரு திருத்தம் பழைய ஆவணங்களை எல்லாம் குலைத்துவிடக்கூடும் என்பதே இதன் காரணம். ஆகவே ஆய்தத்தின் பெயருக்கு அருகே, இது ஆய்தம் எனப்படும் என்னும் சிறு விளக்கக் குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. தரநிலை உலகில் பொதுமக்கள் கருத்துக்கு ஒரு காலம் உண்டு என்பதையும், அந்தக் காலம் கடந்த பின் வரும் கருத்து எவ்வளவு சரியானதாயினும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடும் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

தாமதமாக எழுந்த இன்னொரு கோரிக்கையும் இதே சுவரில் மோதியது. உயிர்மெய் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும், அப்போதுதான் தேடலும் வரிசைப்படுத்தலும் அச்சுப் பணியும் எளிதாகும் என்று தமிழ்நாட்டு வல்லுநர்கள் பலர் வாதிட்டு, 'தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றம்' என்னும் 16 பிட் முறையை உருவாக்கினர். 2010ஆம் ஆண்டின் அரசாணை யூனிகோடோடு இதையும் தரமாக அறிவித்தது. ஆனால் ஏற்கெனவே மெய்யும் உயிர்க்குறியுமாகக் குறியேறியிருந்த எழுத்துகளை இரண்டாம் முறை குறியேற்றினால் ஒரே சொல்லுக்கு இரண்டு மின்வடிவங்கள் உண்டாகும் என்பதால், யூனிகோடு தன் பொதுப் பட்டியலில் அதற்கு இடம் தரவில்லை. அம்முறை இன்றுவரை தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியிலேயே இயங்குகிறது. கோரிக்கையின் பின்னால் ஒரு மாநில அரசே நின்றபோதும் விடை மாறவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அப்படியானால் காலத்தில் வரும் கருத்து எந்த வழியாக உள்ளே போகிறது? யூனிகோடில் புதிய எழுத்தொன்றைச் சேர்க்க விரும்புபவர் அரசாகவோ நிறுவனமாகவோ இருக்க வேண்டியதில்லை. தனியொருவரும் முன்மொழிவு அனுப்பலாம், கட்டணம் எதுவும் இல்லை. அதற்கென வகுக்கப்பட்ட சுருக்கப் படிவத்தில் சில நேரடியான கேள்விகள் உள்ளன. அந்த எழுத்தைப் பயன்படுத்தும் சமூகத்தினரோடு தொடர்பு கொள்ளப்பட்டதா, கொண்டிருந்தால் யாரோடு, அதற்கான ஆவணம் எங்கே, அந்த எழுத்து இன்றும் வழக்கில் உள்ளதா, பரவலாகவா அரிதாகவா என்று அப்படிவம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. முன்மொழிவு வந்து சேர்ந்ததும் அதற்கு எண்ணிட்டு, எவரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். மறுப்புக் கடிதம் வந்தாலும் அதுவும் எண்ணிடப்பட்டு அதே அடுக்கில் சேர்கிறது. எழுத்துமுறைகளை ஆராயும் துணைக்குழு இவற்றைப் படித்துப் பரிந்துரை அளிக்க, ஆண்டுக்கு நான்கு முறை கூடும் தொழில்நுட்பக் குழு முடிவெடுக்கிறது. அதன் பின்னர் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் கீழ் இதே எழுத்துப் பட்டியல் நாடுகளின் வாக்கெடுப்புக்குச் செல்கிறது. அங்கே இந்தியாவின் வாக்கை இந்தியத் தர அமைவனம் அளிக்கிறது. எதிர்த்து வாக்களிக்கும் நாடு, தொழில்நுட்பக் காரணம் காட்ட வேண்டும். வெறும் மறுப்பு வாக்காக எண்ணப்படுவதில்லை.

இந்த ஏற்பாடு முழுவதையும் தமிழர் உரக்கச் சோதித்துப் பார்த்த தருணம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அவ்வாண்டு இரண்டு முன்மொழிவுகள் அடுத்தடுத்து மேசைக்கு வந்தன. முதலாவது, தனி ஆய்வாளர் ஒருவர் அளித்தது; வடமொழியைத் தமிழ் எழுத்தில் துல்லியமாக எழுதுவதற்காகக் தென்னாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகள் 26ஐ 'நீட்டித்த தமிழ்' என்னும் பெயரில் சேர்க்க வேண்டும் என்று அது கோரியது. இரண்டாவது, இந்திய அரசின் சார்பில் சென்றது. அது கிரந்தத்துக்குத் தனிப் பட்டியல் அமைக்கும்போது அதனுள் தமிழுக்கே உரிய எ, ஒ என்னும் குற்றுயிர்களையும் அவற்றின் உயிர்க்குறிகளையும் ழ, ற, ன ஆகிய மெய்களையும் இணைக்கக் கேட்டது. ஒன்று கிரந்தத்தைத் தமிழுக்குள் கொணர்வது, மற்றொன்று தமிழைக் கிரந்தத்துக்குள் கொண்டுபோவது. நேர்எதிரான இவ்விரண்டும் அக்காலச் செய்திகளிலும் மேடைகளிலும் ஒன்றாகவே குழப்பப்பட்டன. எனினும் எழுந்த கவலை பொய்யன்று. திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி முதலியோர் எதிர்ப்புக் குரல் எழுப்ப, தமிழறிஞர்களும் கணித்தமிழ் வல்லுநர்களும் மறுப்புகளை எழுத, 2010 நவம்பரில் முதலமைச்சர் மு. கருணாநிதி நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதி முடிவை ஒத்திவைக்கக் கேட்டார். முடிவு 2011 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று.

கிரந்தம் குறியேற்றப்பட வேண்டியதே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக் கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் காக்கப்படும் சைவச் சுவடிகள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்ட அத்தொகுதியின் பெரும்பகுதி பனையோலையில் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை மின்னெழுத்தில் படியெடுக்க விரும்புவோருக்குக் கிரந்தத்துக்கென எண்கள் தேவை. விவாதம் கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. தமிழுக்கே உரிய எழுத்துகள் அந்தப் பட்டியலில் சேரலாமா என்பதே. சேர்க்கச் சொன்னவர்கள், வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நூல்களை முழுவதும் கிரந்தத்தில் எழுத அவை தேவை என்றனர். மறுத்தவர்கள் ஓலைச்சுவடிகளையும் அச்சு நூல்களையும் எடுத்துக்காட்டி, அத்தகைய நூல்களில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலுமே எழுதப்பட்டு வந்தது என்றும், இல்லாத வழக்குக்காக எழுத்தைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை என்றும் வாதிட்டனர்.

முடிவு 2014 ஜூனில் வெளிவந்த யூனிகோடு ஏழாம் பதிப்பில் தெரிந்தது. கிரந்தம் தனிப் பட்டியலாக இடம்பெற்றது. 'நீட்டித்த தமிழ்' ஏற்கப்படவில்லை. கிரந்தப் பட்டியலை இன்று விரித்துப் பார்ப்பவர், தமிழ்ப் பட்டியலின் அதே வரிசையில் எழுத்துகள் நிற்பதைக் காண்பார். ஆனால் எகரமும் ஒகரமும் நிற்க வேண்டிய கட்டங்கள் வெறுமை, னகரத்தின் கட்டம் வெறுமை, றகரத்தின் கட்டம் வெறுமை, ழகரத்தின் கட்டமும் வெறுமை. உயிர்க்குறிகள் இரண்டுக்கான இடங்களும் அப்படியே விடப்பட்டுள்ளன. எண்களுக்கு மட்டும் கிரந்தம் தமிழ் எண்களையே பகிர்ந்துகொள்கிறது. அந்த வெற்றுக் கட்டங்கள் ஒரு பொது விவாதத்தின் விளைவாக நிற்பவை. 1991இல் தமிழ்ப் பட்டியலில் விழுந்த வெற்றிடங்கள் எவரும் கேட்காததால் விழுந்தவை. 2014இல் கிரந்தப் பட்டியலில் விடப்பட்டவை பலர் கேட்டதால் விடப்பட்டவை.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் வெற்றி, மேடைகளில் எழுந்த முழக்கத்தால் மட்டும் கிட்டியதன்று. முதலமைச்சரின் கடிதம் காலத்தை வாங்கித் தந்தது. அந்தக் காலத்தில் சுவடிச் சான்றுகளோடு எழுதப்பட்ட ஆவணங்கள் வாதத்தை நிலைநிறுத்தின. ஒரு தரநிலைக் குழு, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதைவிட, வழக்கில் இருப்பது எது என்பதற்கான படச்சான்றையே பெரிதும் மதிக்கிறது. அரசியல் அழுத்தமும் புலமைச் சான்றும் ஒரே திசையில் இயங்கியது 2010இல் தமிழுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

கழிமுகத்து மக்களுக்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு, பின்னக் குறிகளின் குறியேற்றமாகும். காரைக்காலிலும் அதைச் சூழ்ந்த தஞ்சை வட்டாரங்களிலும் நிலத்தை இன்றும் பெரியவர்கள் குழி, மா, வேலி என்றே பேசுகிறார்கள். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா என்பதால், கணக்கிலும் இருபதில் ஒன்றுக்கு மா என்றே பெயர். எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஊர்க் கணக்கர்கள் இவற்றைச் சொல்லால் எழுதாமல் தனித்தனிக் குறிகளால் எழுதினர். நன்செய், புன்செய், உப்பளம், நெல் அளவைகளான ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, பணத்தின் காசு, பொன், வராகன் என எல்லாவற்றுக்கும் குறிகள் இருந்தன. ஓலைகளிலும் பழைய கணக்கேடுகளிலும் நிறைந்திருந்த இக்குறிகளைக் கணினியில் தட்டுவதற்கு நெடுங்காலம் வழியில்லை.

இவற்றைச் சேர்ப்பதற்கான முன்மொழிவு 2010களின் தொடக்கத்தில் வைக்கப்பட்டு, வடிவம், மதிப்பு, பெயர் ஆகியவை குறித்த ஆய்வுகளைக் கடந்து, 2019 மார்ச்சில் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் 51 குறிகள் கொண்ட 'தமிழ் பின்னிணைப்பு' என்னும் தொகுதியாக வந்தது. தொகுதியின் முதல் இடத்தில் முந்திரி நிற்கிறது. அரை, பதினாறில் ஒன்று ஆகிய பின்னங்களுக்கு மட்டும் இரண்டிரண்டு வடிவங்கள் தனித்தனி எண் பெற்றுள்ளன. ஏடுகளில் ஒரே அளவு வெவ்வேறு வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும்போது, எதைப் பொது வடிவமாகக் கொள்வது, இரண்டுக்கும் தனி எண் கொடுப்பதா என்னும் கேள்வியைப் பழைய கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்தவர்களே தீர்க்க முடியும். பல ஆண்டுகள் ஆயின என்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆய்தத்தின் பெயரைப்போல, திருத்த முடியாத ஒரு பிழையை மற்றொரு முறை செய்யாதிருக்கச் செலவான காலம் அது.

ஆனால் ஏற்கப்பட்ட கருத்தெல்லாம் நன்மையாகவே முடிவதில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்றோர் ஊரான மாஹேயில் பேசப்படும் மலையாளத்துக்கு இதற்கு உதாரணம் உண்டு. உயிரொலி சேராமல் நிற்கும் சில்லெழுத்துகளை, மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியைச் சேர்த்தே முன்னர் எழுதி வந்தனர். அவற்றுக்குத் தனி எண் வேண்டும் என்று ஒரு சாராரும், வேண்டாம் என்று மற்றொரு சாராரும் பல ஆண்டுகள் வாதிட்ட பின், 2008இல் வந்த 5.1ஆம் பதிப்பில் தனி எண்கள் வழங்கப்பட்டன. பழைய முறையில் எழுதப்பட்ட கோப்புகளும் நீங்கவில்லை. விளைவாக, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் கணினிக்கு இரண்டாகத் தெரிந்து, தேடும்போது அகப்படாமற்போகும் இடர் தோன்றியது. தமிழிலும் 2005இல் 'ஶ' தனி எழுத்தாகச் சேர்ந்த பின், ஸ்ரீ என்பதை இரண்டு வழிகளில் எழுதும் நிலை ஏற்பட்டுவிட்டது.

வலைப்பக்கங்களின் தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சி, கருத்துக்கேட்பில் இன்னும் விரிவான ஒழுங்கைக் கொண்டது. 1994இல் டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய இவ்வமைப்பில், ஒரு விவரக்குறிப்பு, அதாவது ஒரு நுட்பம் எவ்வாறு செயல்பட வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் ஆவணம், முதலில் பொது வரைவாக வெளியாகி, பின்னர் பரந்த மறுஆய்வுக்கு உட்பட்டு, பரிந்துரை வேட்பு நிலையை அடைகிறது. அந்நிலையில் குறைந்தது 28 நாள் கருத்துக்கு இடம் விட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் அணுகல், பிற மொழிகளின் தேவை, தனியுரிமை, பாதுகாப்பு ஆகிய நான்கு கோணங்களிலும் தனித்தனிக் குழுக்கள் அதைப் படிக்கின்றன. முக்கியமானது என்னவெனில், வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் எழுதிய குழு காரணத்தோடு மறுமொழி தர வேண்டும்; மறுமொழி கருத்து சொன்னவருக்கு நிறைவளிக்காவிட்டால், அந்த நிறைவின்மையும் பதிவாக வேண்டும். அதற்கு மேலும் ஒருவர் 'முறையான ஆட்சேபம்' எழுப்பலாம். 2023 ஜூன் வரை அதைத் தீர்க்கும் இறுதி அதிகாரம் இயக்குநர் என்னும் நிலையில் டிம் பெர்னர்ஸ்-லீயிடமே இருந்தது. அதன் பின்னர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசனை வாரியமும் தொழில்நுட்பக் கட்டமைப்புக் குழுவும் தலைமைச் செயல் அலுவலரும் சேர்ந்த ஒரு மன்றத்துக்கு அது மாறியது. தனியொருவரின் தீர்ப்பிலிருந்து ஒரு மன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது, மேற்பார்வையில் ஒரு நல்ல முன்னேற்றமே.

அம்மாற்றத்தின் தேவையை உணர்த்திய நிகழ்வுகளுள் ஒன்று 2017இல் நடந்தது. திரைப்படங்களும் தொடர்களும் நகலெடுக்கப்படாமல் பூட்டி அனுப்பும் வசதியை உலாவிகளில் சேர்க்கும் தரநிலை பற்றி, பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது தடையாகும் என்று பலர் ஆட்சேபம் எழுப்பினர். இயக்குநர் அவற்றைத் தள்ளி அத்தரநிலையை ஏற்றார். மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை என்னும் உறுப்பினர் அமைப்பு மேல்முறையீடு செய்தது. டபிள்யூ3சியின் வரலாற்றில் அதுவே முதல் மேல்முறையீடு. வாக்களித்த உறுப்பினர்களில் 108 பேர் தரநிலைக்கு ஆதரவாகவும் 57 பேர் எதிராகவும் நின்றனர். 20 பேர் விலகி நின்றனர். தோற்ற அமைப்பு உறுப்பினர் பொறுப்பைத் துறந்தது. வெளியே இருந்த பொதுமக்கள் எவ்வளவு எழுதியிருந்தாலும், இறுதியில் வாக்கு கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களிடமே இருந்தது என்பது இதில் வெளிப்பட்டது. கருத்துச் சொல்லும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் வேறுவேறு. இவ்வமைப்புகளின் திறந்த கதவைப் புகழ்வோர் இந்த வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது.

இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு வாக்கெடுப்பையே ஒதுக்கிவிட்டது. அங்கே நிறுவனங்கள் உறுப்பினராவதில்லை. தனியாட்கள் மட்டுமே பங்கேற்கின்றனர். ஓர் ஆட்சேபத்தை எத்தனை பேர் ஆதரித்தனர் என்று எண்ணாமல், அந்த ஆட்சேபத்துக்கு விடை கிடைத்ததா என்று பார்ப்பதே அதன் வழக்கம். ஐகானோ குறைந்தது 40 நாள் பொதுக் கருத்துக்கேட்பு நடத்துகிறது. இணைய முகவரியின் கடைசிப் பகுதியில் தமிழ் எழுத்துகள் எவ்வாறு வரலாம் என்னும் விதிகளை, பிராமியிலிருந்து கிளைத்த ஒன்பது எழுத்துமுறைகளுக்கான வல்லுநர் குழு வகுத்தது; கருத்துக்கேட்புக்குப் பின் 2019 ஜூலையில் அவை மூல விதித் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. ஒகரத்தின் அருகே ளகரம் நின்றால் ஔகாரம் போலவே தோன்றும் என்பதைத் தமிழ் படிப்பவர் சொன்னால்தான், ஒரு வங்கியின் பெயரைப்போல் தோற்றமளிக்கும் போலி முகவரியைத் தடுக்கும் விதி எழுத முடியும்.

இவ்வளவு வழிகள் திறந்திருந்தும், காரைக்காலில் இருந்து ஒரு கருத்து அங்கே போய்ச் சேர்வதற்கு உண்மையான தடை வேறொன்றாக இருக்கிறது. இவ்வமைப்புகளின் வரைவுகள், படிவங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஐகான் தன் முக்கிய ஆவணங்களை ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளில் தருகிறது; தமிழ் அவற்றுள் இல்லை. இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் வெவ்வேறு காலங்களில் யூனிகோடில் உறுப்பினராக இருந்து தம் கருத்தை எழுத்தில் தந்துள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் சிங்கப்பூரில் 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பும் கணித்தமிழ்ப் பணியில் தொடர்ந்து ஈடுபட்டுள்ளன. இவற்றுக்கு அப்பால், 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழையும், மாஹேக்கு மலையாளத்தையும் ஏனாமுக்குத் தெலுங்கையும் ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்கு, மூன்று எழுத்துமுறைகளிலும் நேரடி அக்கறை உண்டு. ஒரே ஆட்சிப் பகுதிக்குள் இம்மூன்றையும் அன்றாடம் கையாளும் அனுபவம் எளிதில் வேறெங்கும் கிடைக்காதது.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் தூரக் கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் காக்கும் சுவடிகளும், கழிமுகத்து ஊர்களின் பழைய கணக்கேடுகளும், இனி வரக்கூடிய முன்மொழிவுகளுக்கு வேண்டிய சான்றுகளாகும். யூனிகோடு அண்மைய ஆண்டுகளில் செப்டம்பரில் புதிய பதிப்பை வெளியிட்டு வருகிறது; அதற்கு முன்னர் வரைவுப் பட்டியலை வெளியிட்டுக் கருத்து கேட்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கிரந்தம் ஆகியவற்றைத் தொடும் பகுதி சில பக்கங்களுக்கு மேல் போவதில்லை. புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையோ ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ ஆண்டுதோறும் அந்தச் சில பக்கங்களைத் தமிழில் விளக்கி வெளியிட்டு, காரைக்காலின் திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் இன்னும் வேலி, மா கணக்கைப் படிக்கத் தெரிந்த பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை ஏட்டின் நிழற்படத்தோடு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால், அந்தக் கடிதத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். எழுத்தாய்வுத் துணைக்குழுவும் அதைப் படித்து ஆராயும்.